ஒரே தாளில் இரண்டு ஊர்

மலேசியாவின் மலாக்காவில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு நோட்டில் ஏழு எழுதி வைத்திருந்தேன். பார்த்தது மூன்றரை. அந்த அரை எது என்று கேட்டால், ஒரு கோயில் வாசல். உள்ளே காலை வைப்பதற்குள் சின்னவன் டயப்பரை நிறைத்துவிட்டான். அந்த நோட்டும் இப்போது என்னிடம் இல்லை. பெரியவள் அதில் பூனை வரைந்து முடித்துவிட்டாள்.

நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டை. வெளிநாட்டுப் பயணம் என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கிற விஷயமில்லை. சித்தி மகள் கிள்ளானில் இருக்கிறாள், பத்து வருஷமாக "வாடி வாடி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவருக்கு லீவு கிடைத்தது, சீட்டுப் பணமும் சரியான மாதத்தில் விழுந்தது, அம்மாவும் பாஸ்போர்ட் எடுத்தாள். மூன்றரை வயதுப் பெரியவள், ஒன்றே முக்கால் வயதுச் சின்னவன், அறுபத்திரண்டு வயது அம்மா, நாங்கள் இருவர். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் நாலு மணி நேரம். கன்னியாகுமரிக்கு ரயிலில் போகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு போகும் நாலு மணி நேரத்தை அப்படியெல்லாம் கணக்குப் பண்ண முடியாது.

கோலாலம்பூரிலிருந்து மலாக்கா சுமார் 145 கிலோமீட்டர். கிள்ளானிலிருந்து இன்னும் கொஞ்சம் கூட. காலையில் கிளம்பினால் ராத்திரி திரும்பிவிடலாம் என்று சித்தி மகள் வீட்டு மாமா சொன்னார். முந்தைய நாளே அவர் யாரிடமோ கேட்டு இரண்டு குழந்தை இருக்கை வாங்கி வந்து காரின் பின்சீட்டில் கட்டிவிட்டார். அங்கே அது சட்டம். எங்கள் பிள்ளைகள் அதுவரை வண்டியில் போனதெல்லாம் என் மடியிலோ, இவருடைய ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டோதான். பெல்ட்டை மாட்டியதும் சின்னவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சீனக் கிழவி வெளியே வந்து பார்த்தாள். அரை மணி நேரம் கத்தினான். அப்புறம் தூங்கிவிட்டான். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு கார் பயணத்தில் எனக்கு இரண்டு கையும் சும்மா இருந்தது. அந்த இருக்கையைப் பற்றி நான் முன்பு நினைத்ததையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

வழியில் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினோம். அங்கே கடையிலிருந்த தமிழ்ப் பெண் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். அங்கே காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பேச்சு. "டிபன் ஆச்சா" என்று கேட்டே பழகிய அம்மாவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப் போயிற்று. அன்று முழுக்க யார் எதைத் தின்றாலும் "பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மலாக்காவில் முதலில் கண்ணில் படுவது அந்தச் சிவப்புச் சதுக்கம். 1650 வாக்கில் டச்சுக்காரர்கள் கட்டிய ஸ்டாட்ஹவுஸ் என்கிற நகர மண்டபம், அதன் பக்கத்தில் 1753-ல் கட்டி முடித்த கிறைஸ்ட் சர்ச், 1886-ம் வருஷத்து மணிக்கூண்டு, எல்லாமே ஒரே செங்காவி நிறம். அம்மா இறங்கி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னாடி இது, நம்ம ஐகோர்ட்டு மாதிரியே செவப்பா கீது." விமானம் ஏறி வந்து ஐகோர்ட்டைப் பார்ப்பானேன் என்று இவர் சிரித்தார்.

நான் மாதாகோயில் உள்ளே போய் மேலே பார்க்க ஆசைப்பட்டேன். கூரைத் தாங்கிகள் ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் இழைத்தவை என்று படித்திருந்தேன். பெரியவளுக்குக் கூரையில் அக்கறை இல்லை. சதுக்கத்தில் வரிசையாக நின்ற ரிக்‌ஷாக்களைப் பார்த்துவிட்டாள். அதை ரிக்‌ஷா என்று சொன்னால் நம் ஊர் ஆட்கள் நம்ப மாட்டார்கள். மூன்று சக்கர சைக்கிள்தான், ஆனால் மேலே ஆள் உயரத்துக்கு ஹலோ கிட்டி, பக்கமெல்லாம் பிளாஸ்டிக் பூ, சீரியல் லைட், அடியில் கல்யாண மண்டபத்துக்குப் போதுமான ஸ்பீக்கர். நம் ஊர் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவை மூன்று சக்கரத்தில் ஏற்றிய மாதிரி. பேரம் பேசி அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிவிட்டோம். அம்மா ஏறும்போது வெட்கப்பட்டாள், ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும்போது சிரிப்பை அடக்க முடியாமல் இறங்கினாள். சின்ன வயதில் ராயபுரத்தில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன ரிக்‌ஷாவில் எட்டுப் பிள்ளைகளை அடைப்பார்களாம், ரிக்‌ஷாக்காரர் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டுப் போய்விடுவாராம். இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை அவள் எங்களிடம் சொன்னதே இல்லை.

சதுக்கத்துக்குப் பின்னால் செயின்ட் பால் குன்று. உயரம் ஒன்றும் பெரிசில்லை. ஆனால் எல்லாம் படி. ஸ்ட்ரோலரை மடக்கி இவர் தோளில் போட்டுக்கொண்டார், நான் சின்னவனை இடுப்பில். பத்து மணி வெயிலே நம் ஊர் மே மாசம் மாதிரி, காற்றில் ஈரம் வேறு. குன்றின் உச்சியில் கூரையில்லாத ஒரு பழைய தேவாலயம் நிற்கிறது. போர்ச்சுகீசியர்கள் 1511-ல் மலாக்காவைப் பிடித்தார்கள், பத்து வருஷம் கழித்து, 1521-ல், இங்கே முதல் சிற்றாலயம் எழுந்தது. 1641-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பறித்துக்கொண்டார்கள். கீழே தங்களுக்கென்று புதுக் கோயில் கட்டிக்கொண்ட பிறகு இதைக் கல்லறையாக்கிவிட்டார்கள். உள்சுவரில் சாய்த்து நிறுத்திய பெரிய பெரிய கற்பலகைகள், ஒவ்வொன்றும் கதவளவு, அதில் டச்சு எழுத்து.

வாசலில் வெள்ளையாக ஒரு சிலை. பிரான்சிஸ் சேவியர், நம் ஊரில் புனித சவேரியார். 1545-ல் நம் சாந்தோமில் சில மாதங்கள் இருந்துவிட்டு அங்கிருந்துதான் மலாக்காவுக்குக் கப்பலேறினார். சீனக் கரையோரம் இறந்த பிறகு, 1553-ல் அவர் உடல் கோவாவுக்குப் போகும் வழியில் சில மாதம் இந்தக் குன்றில்தான் இருந்தது. சிலைக்கு வலது கை இல்லை. மணிக்கட்டோடு முறிந்திருக்கிறது.

பெரியவள் அதைப் பார்த்து நின்றாள். நகரவே இல்லை.

"அந்த அங்கிளுக்குக் கை எங்கம்மா?"

உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தேன். 1614-ல் அவருடைய உடலிலிருந்தே வலது முன்கையை எடுத்து ரோமாபுரிக்கு அனுப்பிவிட்டார்கள், அது இன்றும் அங்கே ஒரு தேவாலயத்தில் இருக்கிறது. இதை மூன்றரை வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? "சிலை உடைஞ்சுபோச்சுடா" என்றேன். "ஒட்டலையா?" "ஒட்டலை." "ஃபெவிக்கால் இல்லையா?" அம்மா குறுக்கே வந்து, "சாமி கை ஊருக்குப் போயிருக்கு, வந்துரும்" என்று முடித்து வைத்தாள். நான் சொன்னதைவிட அதுதான் உண்மைக்குப் பக்கம் என்று அப்புறம் தோன்றியது. ராயப்பர், அதாவது புனித பேதுருவின் பேரால் பேர் பெற்ற ராயபுரத்தில் பிறந்தவள், கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள்.

குன்றின் மறுபக்கம் இறங்கினால் கோட்டை வாசல். போர்ச்சுகீசியர் கட்டிய அ ஃபமோசா கோட்டையில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாசல்தான். 1807-ல் ஆங்கிலேயர் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தபோது இது மட்டும் தப்பியது. வளைவுக்கு மேலே 1670 என்று வருஷம் வெட்டியிருக்கிறது, அதற்கு மேலே டச்சுக் கம்பெனியின் முத்திரைச் சிற்பம். பக்கத்தில் இருந்த விளக்கத்தைப் படித்துவிட்டு இவர் உரக்கக் கேட்டார்: "வி.ஓ.சி.யா? வ.உ.சி.க்கு இங்க என்ன வேலை?"

தண்டையார்பேட்டையில் வ.உ.சி. நகர் வழியாகத் தினமும் வேலைக்குப் போகிறவர் அப்படித்தான் கேட்பார். இந்த வி.ஓ.சி. 1602-ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சுருக்கப் பேர். நம்மவரும் கப்பல் கம்பெனி நடத்தியவர்தானே என்று மாமா சொல்ல, ஆண்கள் இருவரும் அந்த ஜோக்கிலேயே பத்து நிமிஷம் ஓட்டினார்கள். அதற்குள் சின்னவன் வாசலுக்கு முன்னால் கிடந்த ஒரு பீரங்கியின் வாய்க்குள் தன் பிஸ்கட்டைப் போட்டுவிட்டு அதை எடுத்துத் தரச் சொல்லி அழுதான்.

மதியம் ஆற்றைத் தாண்டி ஜோங்கர் தெருப் பக்கம் போனோம். ஸ்ட்ரோலர் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அங்கே பழைய கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நடை உண்டு, வெயிலும் மழையும் படாது. நம் ஊர்த் திண்ணைகளையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து வழியாக்கிய மாதிரி. அருமையான ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு வீட்டுத் தரையும் ஒவ்வொரு உயரம். பத்தடிக்கு ஒரு படி. தூக்கு, இறக்கு, தூக்கு, இறக்கு. கடைசியில் ஸ்ட்ரோலரில் பைகள் மட்டும் உட்கார்ந்து வந்தன.

அங்கே ஒரு கடையில் செண்டோல் வாங்கினோம். துருவிய ஐஸ், தேங்காய்ப்பால், பச்சை நிறத்தில் இடியாப்பத் துண்டு மாதிரி ஒன்று, மேலே குலா மலாக்கா என்கிற பனைவகைக் கருப்பட்டிப் பாகு. பாகின் வாசனைக்கே அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவன் முதல் கரண்டியில் அதிர்ந்து, இரண்டாவது கரண்டியில் சிரித்து, மூன்றாவதில் கிண்ணத்தையே இழுத்து இவர் பேன்ட்டில் கவிழ்த்தான். முழுக் கிண்ணம். பாகு, பால், ஐஸ் எல்லாம். அதே நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது. அங்கே மழை தூறி ஆரம்பிப்பதில்லை, வாளியைக் கவிழ்ப்பதுதான்.

ஓடிப்போய் ஒதுங்கிய இடம் ஒரு துணிக்கடை. மாற்றுத்துணி பிள்ளைகளுக்கு ஆறு செட் கொண்டு போயிருந்தேன், அவருக்கு ஒன்றும் இல்லை. கடைக்காரர் தமிழ் பேசும் பாய். ராமநாதபுரம் பக்கம் பூர்வீகமாம், மூன்று தலைமுறையாக இங்கேதான். இவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து கட்டம் போட்ட மூட்டின கைலி ஒன்றை எடுத்துப் போட்டார்.

"பெலிகாட் கட்டிக்குங்க அண்ணே. காயறதுக்குள்ள நேரமாயிரும்."

"இன்னா காட்?" என்றாள் அம்மா.

"பெலிகாட், அம்மா. கைன் பெலிகாட். இங்க மலாய்க்காரங்க கைலிக்கு அதான் பேர். நம்ம பழவேற்காடு இருக்கில்ல, அந்த ஊர் பேருதான். அங்கேருந்துதானே அந்தக் காலத்துல துணி வந்துச்சு."

அம்மா என்னைப் பார்த்தாள். பழவேற்காடு எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். எங்களுக்கு அது என்ன ஊர்? இறால், நண்டு, ஏரி, பள்ளிக்கூடச் சுற்றுலா. அம்மாவின் பெரியப்பா ஒருவர் அங்கேயிருந்து கருவாடு வாங்கி வருவார். தாத்தா கட்டிய லுங்கியின் லேபிளில் "பாளையக்காட்" என்று அச்சடித்திருக்கும். அதுவும் இதே ஊர்ப் பேர்தான் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது. இவ்வளவு தூரம் வந்து ஒரு கைலிக்கடையில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வண்ணாரப்பேட்டைக்குப் பேர் வந்ததே துணியால்தான். ஆங்கிலேயக் கம்பெனி கப்பலில் ஏற்றும் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் அது. ஆக, வண்ணாரப்பேட்டைக்காரர் ஒருவர் பழவேற்காட்டுப் பேர் கொண்ட கைலியைக் கட்டிக்கொண்டு, கையில் குடையும் தோளில் பிள்ளையுமாக, மலாக்காத் தெருவில் நடந்தார். நான் போட்டோ எடுத்தேன். போடக் கூடாது என்று உத்தரவு.

மழை விட்டதும் பொற்கொல்லர் தெருவுக்குப் போனோம். மலாயில் ஜாலான் துகாங் எமாஸ். அங்கேயும் அதன் தொடர்ச்சியிலுமாக அடுத்தடுத்து மூன்று மதத்தின் கோயில்கள். சீனர்களின் செங் ஹூன் தெங், 1748-ல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், அப்புறம் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். டச்சுக்காரர்கள் தைவநாயகம் செட்டி என்பவருக்குக் கொடுத்த இடத்தில் 1781-ல் கட்டிய கோயில் அது. இன்று அதைப் பார்த்துக்கொள்பவர்கள் மலாக்கா செட்டிகள். நூற்றுக்கணக்கான வருஷத்துக்கு முன் வந்த தமிழ் வியாபாரிகளின் வம்சம். உள்ளூர்ப் பெண்களைக் கட்டி, வீட்டில் மலாய் பேசி, பெண்கள் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்தி, அப்படியும் பிள்ளையாரை விடாதவர்கள். பள்ளிவாசலின் மினாரா சீனப் பகோடா மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. மண்ணடியில் அர்மேனியன் தெருவும் தம்பு செட்டித் தெருவும் பவழக்காரத் தெருவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. வந்த களைப்புக்கு யாராவது ஒரு தட்டு பர்மா அத்தோ நூடுல்ஸ் கொடுத்தால் தேவலை என்றுதான் இருந்தது.

அந்தக் கோயில் வாசலில்தான் டயப்பர் விவகாரம். இவரும் மாமாவும் பெரியவளை உள்ளே கூட்டிப்போனார்கள். நான் வெளியே ஒரு கடைத் திண்ணையில் சின்னவனைப் படுக்க வைத்து மாற்றினேன். உள்ளே மணி அடித்தது கேட்டது. சரி, பிள்ளையார் எங்கே போகப் போகிறார்.

ராத்திரி கிள்ளானுக்குத் திரும்பி, பிள்ளைகள் தூங்கிய பிறகு, போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த பெலிகாட் என்னைத் தூங்கவிடவில்லை. படிக்கப் படிக்க வந்துகொண்டே இருந்தது. 1500-களின் தொடக்கத்தில் பழவேற்காட்டிலிருந்து மலாக்காவுக்குத் துணி கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது, திரும்பும்போது கிராம்பும் ஜாதிக்காயும் வந்திருக்கின்றன. மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர் அங்கிருந்த இந்துக்களுக்குத் தலைவராக வைத்தது நைனா செட்டு என்ற தமிழ் வியாபாரியை. 1514-ல் பதவியைப் பிடுங்கியபோது அவர் அவமானம் தாங்காமல் தீயில் விழுந்து இறந்திருக்கிறார். நூறு வருஷம் கழித்து, 1613-ல், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் அதுதான். துணி மட்டும் ஏற்றவில்லை. பஞ்ச காலத்தில் விலைக்கு வாங்கிய மனிதர்களையும் அடிமைகளாக அங்கிருந்து பதாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது போனைக் கீழே வைத்துவிட்டுத் தூங்கும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மறுபடி எடுத்தேன். 1824 மார்ச் 17-ம் தேதி லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சுமத்ராவில் தன்னிடமிருந்த பெங்கூலுவை ஆங்கிலேயர் கொடுத்தார்கள். பதிலுக்கு டச்சுக்காரர்கள் மலாக்காவைக் கொடுத்தார்கள். அதே ஒப்பந்தத்தில் இந்தியாவில் தங்களிடமிருந்த எல்லா இடங்களையும் கொடுத்தார்கள். அதில் பழவேற்காடும் உண்டு. நான் விமானமேறிப் போய்ப் பார்த்த ஊரும், தொண்ணூறு நிமிஷத்தில் போகக்கூடியதென்பதால் சரியாகப் பார்க்காமலே இருந்த ஊரும், ஒரே தாளில் கைமாறியிருக்கின்றன.

அதற்குப் பிறகு ஒன்றின் பாதை இப்படிப் போயிற்று, இன்னொன்றின் பாதை அப்படி. மலாக்கா 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பழவேற்காட்டில் கோட்டை இருந்த இடத்தில் முள்செடி மண்டிக் கிடக்கிறது. எனக்கு இதில் கோபம் இருந்தது, இருக்கிறது. ஆனால் முப்பத்தைந்து வயது வரை ஒரு தடவைகூட அந்தக் கோட்டை மேட்டைத் தேடிப் போகாத நான் யாரைக் கோபித்துக்கொள்வது?

ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். பொன்னேரி வழியாக. குழந்தை இருக்கை நம் ஊரில் வாங்கியாகிவிட்டது, வாடகைக் கார் டிரைவர் அதை ஏதோ விண்கலத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். இவர் பிடிவாதமாக அந்த மலாக்கா பெலிகாட்டைத்தான் கட்டிக்கொண்டு வந்தார். "ஊரைக் காட்டிட்டு வரேன்" என்றார். படிகள் இல்லை, கூட்டம் இல்லை, செண்டோலும் இல்லை. டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குள் கதவளவு கற்பலகைகள், அதே எழுத்து. மலாக்காவில் சுவரில் சாய்ந்திருந்தவை இங்கே படுத்திருந்தன. சின்னவன் ஒன்றின் மேல் குப்புறப் படுத்து, வெட்டிய எழுத்துக்குள் விரலை விட்டுத் தேங்கியிருந்த மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

அந்தக் கல்லறையின் நுழைவாயிலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். பெரியவள் பயப்படுவாள் என்று நான் அவள் கண்ணை மறைக்கப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டுக் கிட்டப் போய் நின்றாள். கீழிருந்து மேலாக நிதானமாகப் பார்த்தாள். பிறகு திரும்பி, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஆயா, இந்த அங்கிளுக்குக் கை இருக்கு!"